மன்றம் யாருடையது?



கலைக்கான அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு கலைஞரைப் பற்றியோ ஒரு கலை வடிவத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் இன்று கலை நிறுவனத்தை நடத்துகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், அறங்காவலர்கள் ஆகிய இவர்கள் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் மட்டுமே நம் கண்ணில் படுகிறார்கள். ஆனால் ஒரு மன்றம் தலைமுறை தாண்டி நிற்பதும், தொடங்கிய சில ஆண்டுகளில் பெயர்ப்பலகையோடு முடிந்துபோவதும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். மன்றங்கள், சபாக்கள், நற்பணி அறக்கட்டளைகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பழகியவன். நல்ல கலைஞர்களும் நல்ல உள்ளம் கொண்ட பொறுப்பாளர்களும் இருந்தும் நிறுவனம் நொடித்துப்போனதை அந்தப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்தப் பேச்சுக்கும் பழைய உறவு உண்டு. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில் பெரியது இராசசிம்ம பாண்டியன் காலத்தது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்குவித்ததையும் அது குலப்பெருமையாகச் சொல்கிறது. தமிழ்ச் சங்கம் என்ற அமைப்பைப் பற்றிப் பேசும் ஆய்வாளர் எவரும் சின்னமனூரைத் தாண்டிப் போக முடியாது. அந்தச் செய்தியைவிட என்னை ஈர்ப்பது அந்தச் செப்பேடுதான். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், கொடையின் எல்லை எது என்று வரி வரியாகச் செம்பில் வெட்டி, வளையத்தில் கோத்து வைத்தார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் போன பிறகும் கொடை நிற்க வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. இன்று ஒரு சங்கத்தின் அமைப்பு விதிகளும் ஓர் அறக்கட்டளையின் பத்திரமும் அதே கவலையில் எழுதப்படுகிறவைதான். எழுதிய பிறகு அவற்றை யாரும் எடுத்துப் படிப்பதில்லை என்பதுதான் நம் குறை. பல மன்றங்களில் விதிமுறைப் புத்தகம் எங்கே என்று கேட்டால், பதிவுக்குப் போன வக்கீல் வீட்டில் இருக்கும் என்பார்கள்.

ஆகவே விதிகளிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1978-இல் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். குறைந்தது மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழு வேண்டும். குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. அவர்களே மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், வரவு செலவு அதன் முன் வைக்கப்பட வேண்டும், பின்பு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். குழுவில் ஆள் மாறினால் அதையும் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம். இவ்வளவுதான் அடிப்படை. கடினமான சட்டமில்லை. ஆனாலும் பெரும்பாலான கலை மன்றங்கள் இதில்தான் இடறுகின்றன.

காரணம் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. மன்றத்தைத் தொடங்கியவர் தன் கைப்பணத்தைப் போட்டுத் தொடங்குகிறார். மைக் செட்டுக்கும் பந்தலுக்கும் அவரே கொடுக்கிறார். வெளியூர்க் கலைஞர் வந்தால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. பத்து ஆண்டு இப்படிப் போனபின் மன்றம் அவருடையது என்று ஊரும் நினைக்கிறது, அவரும் நினைக்கிறார். மன்றத்துப் பணமும் அவர் பணமும் ஒரே பையில் இருக்கின்றன. மன்றத்துக்கு அவர் கொடுத்தது அதிகமா, மன்றத்திலிருந்து எடுத்தது அதிகமா என்று அவராலேயே சொல்ல முடியாது. அவர் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் காலமான மறுமாதம், பிள்ளைகள் வங்கிக் கணக்கைப் பற்றிக் கேட்கும்போது, அந்த நேர்மைக்குச் சாட்சி சொல்ல ஒரு வவுச்சர்கூட இருப்பதில்லை.

பதிவு செய்த அன்றைக்கே மன்றம் தொடங்கியவருடைய கையை விட்டுப் போய்விடுகிறது. அன்றிலிருந்து குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் வேறு யாருக்கோ உரிய ஒன்றைப் பாதுகாத்து வைத்திருப்பவர். அந்த வேறு யாரோ பெரும்பாலும் கூட்டம் நடக்கும் அறையில் இருக்க மாட்டார். நாடகம் முடிந்து விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கலைஞர், சந்தா கட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் உறுப்பினர், இன்னும் பிறக்காத ரசிகர் என்று அவர்கள் பலவகை. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற நிலம் நம்முடையது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் தலைமடையில் நின்று திறப்பவர் கடைமடைக்காரரை நேரில் பார்ப்பதில்லை. ஆனால் அவர் வயலையும் கணக்கில் வைத்துத்தான் திறக்க வேண்டும். ஆட்சிக்குழுவின் பொறுப்பை இந்தப் பள்ளத்தாக்குக்காரருக்கு இதைவிட நெருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கணக்கைப் பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள் என்று பாருங்கள். உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவற்றை எல்லோரும் பாராட்டுகிறோம். அதில் எனக்குப் பிடித்த விதி வேறு. ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை மறுபடியும் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது. பதவியில் இருந்தவர் மூன்று ஆண்டு இடைவெளி விட வேண்டும். பாண்டிய நாட்டிலோ, திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், மாறஞ்சடையன் காலத்தில், ஏறத்தாழ 800-ஆம் ஆண்டில், இன்னொரு விதி போட்டார்கள். சபையில் வரும் எல்லாக் காரியத்துக்கும் வேண்டாம், வேண்டாம் என்றே மறுத்துக் குறுக்கே நிற்பவருக்கு ஐந்து காசு அபராதம். குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த விதியின் அருமை உடனே விளங்கும்.

இந்தக் கல்வெட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதற்காக நான் எடுக்கவில்லை. அந்தச் சபைகள் நிலமுடைய பிராமண ஆண்களின் சபைகள். உழுதவருக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கு இடமில்லை, கோயிலில் ஆடிப் பாடியவர்களுக்கும் இடமில்லை. கணக்கில் அவ்வளவு கறாராக இருந்தவர்கள், யார் உட்காரலாம் என்பதில் வாசலை அடைத்துவிட்டார்கள். இன்றைய கலை நிறுவனங்களில் பலவும் இந்த இரண்டாவது வழக்கத்தை மட்டும் காப்பாற்றி, முதலாவதை மறந்துவிட்டன. கரகாட்டத்துக்கு மன்றம் இருக்கும், குழுவில் கரகம் எடுத்தவர் இருக்க மாட்டார். பறையிசைக்கு விழா எடுப்போம், விழாக் குழுவில் பறையடிப்பவர் பெயர் இருக்காது. வள்ளல்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வணிகர்களும் இருப்பார்கள். அவர்கள் வேண்டும், அவர்கள் இல்லாமல் நிதி இல்லை. ஆனால் அவர்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணைத் தொட்ட ஒரு சான்றே இருக்கிறது.

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் இசையும், வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் பாட்டும் எந்த வானொலியில், எந்த விடுதியில், எந்த விழாவில் ஒலித்தாலும் அதற்கு உரிமைத்தொகை உண்டு. இந்தியாவில் அப்படிப்பட்ட தொகையை வசூலித்துப் பிரித்துத் தருவதற்காக 1969-இல் தொடங்கப்பட்டது ஐ.பி.ஆர்.எஸ். என்ற நிகழ்த்துரிமைச் சங்கம். லாப நோக்கமற்ற அமைப்பு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அதன் உறுப்பினர். ஆனால் அதன் நிர்வாகத்தில் இசை நிறுவனங்களின் கை ஓங்கிவிட்டது என்றும், பாட்டை உண்டாக்கியவருக்கு உரிய பங்கு வரவில்லை என்றும் நாடெங்கும் படைப்பாளிகள் பல ஆண்டு போராடினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராகி இதற்காக வாதாடினார். 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் உரிமைத்தொகையைப் பற்றி மட்டும் பேசி நிற்கவில்லை. ஒவ்வொரு பதிப்புரிமைச் சங்கத்தின் ஆட்சிக்குழுவிலும் படைப்பாளிகளும் உரிமையாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று விதித்தது. நாடாளுமன்றமே வந்து குழுவில் நாற்காலி போட வேண்டியிருந்தது. 2017-இல் அந்தச் சங்கம் புதிய சட்டத்தின்கீழ் மறுபடி பதிவு பெற்றபோது அதன் தலைமைக்கு ஜாவேத் அக்தரே வந்தார். நம் ஊர் மன்றங்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தலிலேயே குழுவில் பாதி இடத்தைக் கலைஞர்களுக்கு ஒதுக்கித் தீர்மானம் போடலாம்.

பதவிக்காலத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டு முடிந்ததும் தேர்தல் நடத்துவது வெறும் சடங்கு என்று எண்ணுகிறவர்களுக்கு, தென்னிந்திய நடிகர் சங்கத்தின் வரலாறு ஒரு பாடம். 1952-இல் தொடங்கிய சங்கம் அது. சினிமா நட்சத்திரங்களின் சங்கம் என்று பேர் வாங்கியிருந்தாலும், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமுள்ள மேடை நாடக நடிகர்கள் பலர் அதில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள். முதிய நாடகக் கலைஞர்களுக்கு அதிலிருந்து வரும் மாத உதவித்தொகை மருந்துச் செலவுக்காவது ஆகிறது. சென்னை தியாகராய நகரில் அபிபுல்லா சாலையில் சங்கத்துக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது. அங்கே கட்டடம் கட்ட ஒரு தனியார் நிறுவனத்தோடு முந்தைய குழு போட்ட ஒப்பந்தம் பெரும் சர்ச்சையாகி, 2015 அக்டோபர் 18-ஆம் தேதி நடந்த தேர்தலின் மையப் பொருளானது. சங்கச் சொத்தைப் பற்றிய முடிவு உறுப்பினர்களின் முழு அறிவோடு எடுக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. புதிய அணி வென்றது, ஒப்பந்தம் போனது, 2017 மார்ச்சில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அந்தக் குழுவின் மூன்று ஆண்டு 2018-இல் முடிந்தது. கட்டட வேலையைக் காரணம் காட்டிப் பதவிக்காலம் பொதுக்குழுவில் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. தேர்தல் 2019 ஜூன் 23-இல் நடந்தது. வழக்குகள் வந்தன. வாக்குப் பெட்டிகள் எண்ணப்படாமல் பூட்டிக் கிடந்தன. நவம்பரில் அரசு தனி அதிகாரியை நியமித்தது. 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, காலம் முடிந்த குழு நடத்திய தேர்தல் செல்லாது என்றார். 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றித் தேர்தல் செல்லும் என்றது. மார்ச் 20-ஆம் தேதி வாக்கு எண்ணி, அதே அணி வென்றதாக அறிவித்தார்கள். கடைசியில் யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். இடையில் ஓடிய இரண்டே முக்கால் ஆண்டில் என்ன நடந்தது? 2020 பங்குனி, சித்திரையிலும் 2021 சித்திரையிலும் கொரோனா ஊரடங்கால் கோயில் திருவிழாக்கள் நின்றன. ஆண்டு முழுதும் சாப்பிடுவதற்கு அந்தச் சில மாத நாடகங்களை நம்பியிருக்கும் தென்மாவட்ட மேடைக் கலைஞர்களுக்கு இரண்டு பருவம் பறிபோனது. அவர்கள் வாழ்நாளிலேயே சங்கம் மிகத் தேவைப்பட்ட நேரம் அது. அந்த நேரத்தில் சங்கத்தில் பொறுப்பேற்ற தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லை. ஆறு மாத நீட்டிப்பு என்ற சிறிய தீர்மானத்தை எழுதியவர்கள் இந்த விளைவை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், தேதிகளில் விளையாடாதீர்கள். தேர்தல் நாளை விதிமுறையில் உள்ளபடி நடத்துங்கள். புதிய குழுவின் பெயர்ப் பட்டியலை உடனே பதிவாளரிடம் கொடுங்கள்.

இப்போது கலைஞரின் பாதுகாப்பு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் பக்கத்துக் கிராமத் திருவிழாவில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறு ஆண்டு கழித்தும் அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த நாடகத்தில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு வேறு வேறு ஊர். தேதி பேசி, முன்பணம் வாங்கி, அன்று இரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்போது ஊரே விழித்திருக்கும். முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

மேடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பொறுப்பாளர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பல இடங்களில் தகரமோ தார்ப்பாயோ வைத்து மறைத்த ஒரு சிறு இடம்தான் ஒப்பனை அறை. வேடம் மாற்றும் நடிகைக்கும் வெளியே நிற்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு துணி. கழிப்பறை என்றால் யாராவது ஒரு வீட்டைக் கேட்டுப் போக வேண்டும். நள்ளிரவில் எந்த வீட்டைத் தட்டுவது? குடித்துவிட்டு மேடையேறிப் பணம் குத்த வருபவரை யார் தடுப்பது? விடிந்ததும் மீதிச் சம்பளத்துக்கு விழாக் கமிட்டிக்காரரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். அவர் தூங்கப் போயிருப்பார். முதல் பஸ் போய்விடும். கரகாட்டக் கலைஞர்களின் நிலை இதைவிட மோசம். இவை எல்லாம் கலைஞருக்கும் ஏற்பாட்டாளருக்கும் இடையிலான சில்லறைப் பிரச்சினைகள் என்று குழு ஒதுங்கிக்கொள்கிறது. நிகழ்ச்சிக்குத் தன் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்த குழுவுக்கு அப்படி ஒதுங்கும் உரிமை கிடையாது. கதவுள்ள ஒப்பனை அறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மேடை ஓரத்தில் பொறுப்பான இரண்டு ஆட்கள், திரை விழுந்த கையோடு முழுச் சம்பளம், பஸ் நிலையம் வரை வண்டி என்று செலவுத் திட்டம் எழுதும்போதே இவற்றை எழுத வேண்டும். பந்தல் அலங்காரத்துக்குப் பணம் இருக்கும்போது இதற்கு இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சட்டமும் இதைச் சொல்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் வெளியாள் ஒருவரும் இடம்பெறும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். நாள் கூலிக்கு வந்தவரும் தன்னார்வலராக வந்தவரும்கூட அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். சிறிய அமைப்புகளில் வேலை செய்பவர் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நம் மாவட்டத்தில் எத்தனை கலை மன்றங்கள் இந்தத் தகவலைக் கலைஞரிடம் சொல்கின்றன?

பெரிய நிறுவனம், மத்திய அரசின் நிறுவனம் என்பதால் மட்டும் இது தானாக நடந்துவிடாது. ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திரா, அவர் மறைவுக்குப் பின் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. ஆட்சிக்குழு, கல்விக்குழு, நிதிக்குழு என்று சட்டமே வகுத்துக் கொடுத்த அமைப்பு. இருந்தும் 2023 மார்ச் கடைசியில் அங்கே படிக்கும் பிள்ளைகள் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு நீதி கேட்டுத் தரையில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. நிறுவனத்தின் உள் விசாரணையில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. ஏப்ரலில் ஓர் ஆசிரியர் கைதானார். அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் தனி விசாரணைக் குழு அமைந்தது. குரு, சீடர் என்ற உறவில் நாம் வைத்திருக்கும் பெருமதிப்பு உண்மையானது. அந்த மதிப்பையே கேடயமாக்கி ஒரு பிள்ளையின் வாயை அடைக்க முடியும் என்பதும் உண்மை. நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பது குழுவின் கடமை என்பார்கள். அந்த நற்பெயரே அங்கே படிக்க வந்த பிள்ளைகளால் உண்டானது என்பதால், புகார் வந்த நாளில் குழு முதலில் நிற்க வேண்டிய பக்கம் அவர்களுடையதுதான்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் தணிக்கையாளன் இறங்க முடியாது. ஆனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊர்ப் பொதுப்பணத்தை ஊருக்குள் வட்டிக்கு விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. திருவிழா வசூலில் மிஞ்சியதை ஏலக்காய் வியாபாரிக்கோ திராட்சைத் தோட்டக்காரருக்கோ கொடுத்து, அடுத்த ஆண்டு வட்டியோடு வாங்குவார்கள். வருமான வரி விலக்குப் பெற்ற ஒரு கலை நிறுவனம் இதைச் செய்தால் அந்தத் தொகைக்கு விலக்கை இழக்கலாம். பணம் வங்கி வைப்பு போன்ற, சட்டம் அனுமதித்த இடங்களில்தான் இருக்க வேண்டும். ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். பொறுப்பாளருக்கோ அவர் உறவினருக்கோ ஆதாயம் போனால் அதற்கும் தண்டனை உண்டு. செயலாளரின் மைத்துனர் அச்சகம் வைத்திருக்கிறார் என்றால் அழைப்பிதழை அங்கே அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று இடத்தில் விலை கேளுங்கள். முடிவெடுக்கும்போது செயலாளர் எழுந்து வெளியே போகட்டும். அப்படிப் போனதை மினிட் புத்தகத்தில் எழுதுங்கள்.

அறக்கட்டளை வைப்புத்தொகை பற்றி ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் தன் தந்தையார் பெயரில் ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஏழு விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு ஏழாயிரம். முழுவதையும் ஆண்டுதோறும் சொற்பொழிவுக்குச் செலவழித்தால், பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்த ஏழாயிரத்தில் மண்டப வாடகைகூடக் கட்ட முடியாது. விலைவாசி ஐந்து விழுக்காடு ஏறுகிறது என்றால், முதல் தேயாமல் இருக்க ஏழாயிரத்தில் ஐயாயிரத்தை முதலோடு சேர்க்க வேண்டும். செலவழிக்கக் கிடைப்பது இரண்டாயிரம்தான். இந்தக் கணக்கைக் கொடையாளரிடம் வாங்கும்போதே சொல்வது குழுவின் கடமை. சொன்னால் அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். அல்லது ஆண்டுதோறும் வேண்டாம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்துங்கள் என்று சொல்லலாம். சொல்லாமல் வாங்கிக்கொண்டு, இருபது ஆண்டு கழித்து அறக்கட்டளையை ஓசையில்லாமல் நிறுத்துகிறார்கள். ஒரு மனிதர் தன் தந்தையின் நினைவாகக் கொடுத்ததை அப்படி அழிப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நம் பள்ளத்தாக்கு ஆட்களைக் கொடுத்திருக்கிறது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக மலையேறிப் போய்ப் பாடிய பாவலர் வரதராசனைக் கொடுத்தது. இளையராஜா உள்ளிட்ட அவர் தம்பிகளைக் கொடுத்தது. அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவைக் கொடுத்தது. அந்தத் தம்பிகளும் பாரதிராஜாவும் வண்டியேறிச் சென்னைக்குப் போய்த்தான் தங்கள் கலைக்கு இடம் தேட வேண்டியிருந்தது. அவர்கள் போனதில் தவறில்லை. ஆனால் போகாமல் இங்கேயே இருந்தவர்களின் பாட்டும் ஆட்டமும் என்ன ஆயின? ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்தில் உறுமி அடிப்பவர் எத்தனை அடவுக்கு அடிப்பார் என்று எழுதியோ படமெடுத்தோ வைப்பதற்கு, நாடக வாத்தியார்களின் கையெழுத்து நோட்டுகளைச் சேர்த்து வைப்பதற்கு, ஒரு பீரோவும் அதைத் திறந்து மூட ஓர் ஆளும் வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992-இல் காலமான பிறகு சிதறாமல் காப்பாற்றப்பட்டு, 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக ஆனதற்குக் காரணம், அவருக்குப் பின் அந்தச் சேகரிப்பை எடுத்து நடத்த நிறுவனம் முன்வந்ததுதான். நம் ஊர் நாடக வாத்தியாரின் நோட்டுகளுக்கு அப்படி முன்வர வேண்டியவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மன்றப் பொறுப்பாளர்கள்.

இங்கே வந்திருக்கும் மன்றங்களுக்கு எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வருகிற பொதுக்குழுவில் வரவு செலவை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். அச்சடித்துக் கையில் கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாத கலைஞர்கள் உங்கள் உறுப்பினரில் எத்தனை பேர் என்று பட்டியல் எடுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க இரண்டு படித்த பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். குழுத் தேர்தலில் பெண் நாடகக் கலைஞர் ஒருவர் பெயரைச் செயற்குழுவுக்கு முன்மொழியுங்கள். நான் உறுப்பினராக இருக்கும் மன்றமானால் வழிமொழிவதற்கு நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். உறுப்பினராக இல்லாத மன்றமானால், முதல் ஆண்டுக் கணக்கை அவருக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்லிக் கொடுக்கக் கட்டணமில்லாமல் வருகிறேன். அலுவலகம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் எப்போதும் வரலாம்.